பக்கத்துலதான் இருக்கேன்

இந்த ஹாலில் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு சிரிப்பு வரப்போகிறது. சின்னச் சிரிப்பு இல்லை, நூறு பிளாஸ்டிக் நாற்காலியும் சேர்ந்து குலுங்குகிற சிரிப்பு, அதற்கு நான் உத்தரவாதம். ஆனால் இப்போது கிடையாது. இப்போதே சொல்லிவிட்டால் 'ஓ' என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி, எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் ஊற விடவேண்டும். பியூலா அக்கா பயத்தைப் பற்றி இதையேதான் சொல்கிறாள், திறந்த கதவைக் காட்டாதே, திறக்கப்போகிற கதவைக் காட்டு என்று. எனக்கென்னவோ பயமும் சிரிப்பும் ஒரே வயிற்றில் பிறந்ததாகத்தான் தோன்றுகிறது, இரண்டிலும் மூச்சு முட்டுகிறது, இரண்டுக்கும் அப்புறம் பக்கத்தில் இருக்கிறவன் தோளைத்தான் பிடிக்கிறோம். மணி பதினொன்று ஐந்து. ஆராதனை முடிந்த கையோடு சபை மொத்தத்தையும் சபை விருந்து நடக்கிற அசன ஹாலுக்குள் கூட்டிவந்தாயிற்று. ஜன்னலுக்கெல்லாம் விபிஎஸ் என்கிற லீவு பைபிள் வகுப்பில் பொம்மலாட்டத்துக்கு வாங்கின கறுப்புத் துணி. போன மாதம் அசனத்துக்கு ஆக்கின ஆட்டுக்கறி வாசனை இன்னும் சுவரில் இருக்கிறது, கூடவே பூட்டிக்கிடந்த இடத்துப் புழுக்கம், யாரோ போட்டிருக்கிற பச்சைத் தைலம். நான் கடைசியில் லேப்டாப் பக்கத்தில். எனக்குப் பக்கத்தில் பியூலா அக்கா, பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவள், எட்டு மாதமாகச் சம்பளமில்லாத நாளெல்லாம் இந்தப் பத்தொன்பது நிமிடத்துக்காகச் செலவழித்தவள், இப்போது நகத்தைக் கடிக்கவில்லை, நகம் இல்லை. படம் ஓடத் தொடங்கி நாற்பது விநாடி. முதல் வரிசையில், நடு நாற்காலியில், வெள்ளை அங்கியைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு ஞானமுத்து ஐயர். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றும் தேவாலயத்தைக் கோயில் என்றும்தான் சொல்வோம். அவருக்குப் பக்கத்தில் ஐயரம்மா. சிரிப்பு வரப்போவது ஐயர்மேல்தான். அவருக்குத் தெரியாது. படம் முடிந்ததும் அவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் படம் திருமண்டல வாலிபர் விழாவுக்குப் போகும், போடாவிட்டால் லேப்டாப்பிலேயே கிடக்கும், கடைசித் தேதி நாளை. ஆக அவர் கோபப்பட்டால் போச்சு. இவ்வளவும் தெரிந்துதான் நான் அதைச் செய்திருக்கிறேன். தெரிந்து செய்தால் பாவம் கூடுதலா குறைச்சலா. கூடுதல்தான். சரி, பார்ப்போம்.

செய்தது என்னவென்றால், படத்தில் ஒரு குரல் வருகிறது, அது ஐயருடைய குரல், ஐயர் பேசாத ஐயர் குரல். பேசினது நான். எனக்கு எந்தக் குரலும் ஒட்டிக்கொள்ளும், தலையில் எண்ணெய் தேய்த்தவன் தலையணை மாதிரி. ஐந்தாம் வகுப்பில் ஹெட்மாஸ்டர், ஆறில் திருச்செந்தூர் பஸ் கண்டக்டர், ஏழில் என் அம்மா, அதாவது அம்மா குரலில் மாடியிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு மூன்று தடவை ஏறி இறங்க வைத்தது, அதற்கு வாங்கின அடி இன்னும் கணுக்காலில் இருக்கிறது. போன வருஷம் தொண்டை உடைந்தது. அப்போது ஒரு மாதம் யார் குரலும் வரவில்லை, வாயைத் திறந்தால் கதவுக் கீல். ஐயரம்மா போய்விட்டார்கள், டீச்சர்மார் எல்லோரும் போய்விட்டார்கள், ஒரே நாளில் வீடு காலி பண்ணின மாதிரி; அழுகை வந்தது, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பிறகு ஒருநாள் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் இருந்து ஐயர் பேசினார். அடிவயிற்றிலிருந்து, கொஞ்சம் மூக்கில் தட்டி, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவையும் கீழே இறக்கி வைத்து. அதற்கடுத்த ஞாயிறே, அவர் நீளமாக ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, உலகத் தலைவர்களை முடித்து மழைக்கு வந்திருந்தார், நான் மூன்றாம் பெஞ்சிலிருந்து அவர் குரலில் 'ஆமென்' என்றேன். பாதிச் சபை கண்ணைத் திறந்து உட்கார்ந்துவிட்டது. பாட்டுக்காரர் ஆர்மோனியத்தையே அமுக்கிவிட்டார். ஐயர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மழை கேட்டுக்கொண்டிருந்தார். ஜெபம் முடிந்து பார்த்தால் பாதிப்பேர் நிற்கிறார்கள், பாதிப்பேர் இருக்கிறார்கள். அவர் ஆராதனை முடிந்து கேட்டது, யாருய்யா அவசரத்துல ஆமென் சொன்னது, நல்ல குரலா இருக்கே, பாட்டுல சேத்துக்கிடலாமே என்று. அதுதான் விஷயம். யார் குரலை எடுத்தாலும் எல்லோருக்கும் தெரியும், அந்த ஆளுக்கு மட்டும் தெரியாது. அவனவன் குரல் அவனவனுக்கு மண்டைக்குள்ளிருந்து கேட்கிறது, எங்களுக்கு வெளியிலிருந்து. ஐயர் அதிலும் ஒருபடி மேல், பிரசங்கத்தை யாராவது போனில் போட்டுக்காட்ட வந்தால் எழுந்து போய்விடுவார், தன் சத்தத்தைத் தானே கேட்பது கண்ணாடி முன்னால் நின்று பவுடர் போடுகிற மாதிரி என்பார். ஆக உலகத்தில் ஞானமுத்து ஐயர் குரல் தெரியாத ஒரே ஆள் ஞானமுத்து ஐயர். இது பூட்டில்லாத வீடு. நான் எப்படி உள்ளே போகாமல் இருப்பேன்.

திரையில் மாசிலாமணி அண்ணாச்சி கோயில் பெருக்குகிறார். நிஜத்திலும் அவர்தான் கோயில்குட்டியார், கோயிலைத் திறந்து மூடி, மணியடித்து, ஐயர் அங்கியை மடித்து வைக்கிறவர். பட்டப்பகல், ஜன்னல் வழியாக வெயில் பெஞ்சில் கட்டம்கட்டமாக விழுந்திருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லை, விளக்குமாறு மட்டும். பியூலா அக்கா இந்த இடத்தில் சங்கீதமே வேண்டாம் என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை, இப்போது இந்த ஹாலைப் பார்த்தால் புரிகிறது, நூறு பேரும் விளக்குமாற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நடு வரிசையில் இருமல் வந்த ஆள் அதை விழுங்கிவிட்டார். விளக்குமாறு நிற்கிறது. அண்ணாச்சி தலையைத் திருப்புகிறார். அவ்வளவுதான். அந்தத் திரும்பலை எடுத்த அன்றைக்கு நான்தான் பக்கத்தில் வெளிச்சத்துக்குக் குடை பிடித்திருந்தேன். அவர் பயந்து திரும்பவில்லை, பியூலா அக்கா மூன்று எண்ணினதும் வலதுபக்கம் பாருங்க அண்ணாச்சி என்றாள், அவர் பார்த்தார், சரியா இருக்காம்மா, காப்பி வருமா என்று கேட்டார். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு ஸ்டூல்மேல் என் செருப்பு இருந்தது. இப்போது அதே திரும்பல், முன்னால் மௌனம், பின்னால் ஐயர் அங்கி மாட்டுகிற அறையான வெஸ்ட்ரியின் பாதி திறந்த கதவு, பார்த்தால் என் முழங்கை மயிர் எழுந்து நிற்கிறது, செருப்பு என்று தெரிந்தும். இதையெல்லாம் ஐயர் ஒத்துக்கொண்டதே ஆச்சரியம். முதலில் பேய்ப்படமா என்றார், கோயிலுக்குள்ளயா என்றார், பேய் எங்கே வரும் என்று கேட்டார். பேய் வராது ஐயா என்றாள் அக்கா. பின்னே எதுக்குப் பயப்படணும் என்றார். அதற்கு அவள் சொன்னதை நான் ஐயர் குடியிருக்கிற பங்களா வாசலில் செருப்பு மாட்டுகிற சாக்கில் நின்று கேட்டேன், குரலோடு எடுத்தும் வைத்திருக்கிறேன், இஸ்திரி போட்ட மாதிரி அமைதியான குரல்.

"தேவதூதன் யாருகிட்ட வந்தாலும் முதல்ல என்ன சொல்லுதான், ஐயா? பயப்படாதேன்னுதான. அப்போ அவனைப் பாத்தா எப்படி இருந்திருக்கும்?"

 ஐயர், எடுத்துட்டு வா, பாத்துட்டுத்தான் கையெழுத்து என்றார். கதையும் நாங்கள் எல்லோரும் சண்டே ஸ்கூலில் போர்வை போர்த்தி நடித்த பைபிள் கதைதான், கோயிலில் படுத்திருக்கிற பையனை ராத்திரி ஒரு குரல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, அவன் எழுந்து பெரியவரிடம் ஓடுகிறான், அவர் நான் கூப்பிடல, போய்ப் படு என்கிறார். எத்தனை வருஷம் அதைச் சிரித்துக்கொண்டே நடித்திருக்கிறோம். கூப்பிட்டது கடவுள் என்று தெரியாத அந்த மூன்று தடவையும் அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு டீச்சரும் கேட்டதில்லை. அக்கா கேட்டாள். பையனுக்குப் பதில் கோயில்குட்டியாரைப் போட்டாள், கோயில்குட்டியார் மூன்று தடவை பங்களாவுக்கு ஓடுகிறார், கதவு பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான் படம். இதோ முதல் தடவை. இப்போது. 'மாசிலாமணி.' ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐயர் தலை அசையவில்லை. ஆனால் ஐயரம்மா. ஐயரம்மாவின் கொண்டை ஒரு விரற்கடை நிமிர்ந்தது. மெதுவாகத் திரும்பி, நூறு தலைக்கும் மேலாக, இருட்டில் நேராக என்னைப் பார்த்தார்கள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர்களை ஏமாற்ற முடியுமா. நான் லேப்டாப் வெளிச்சத்தில் அசட்டுத்தனமாகப் பல்லைக் காட்டினேன். அவர்கள் திரும்பிக்கொண்டார்கள். சொல்லவில்லை. சொல்லப்போவதில்லை. சேலைத் தலைப்பு வாய்க்குப் போகிறது. அவர்களும் ஊற வைக்கிறார்கள்.

ஆனால் மற்றவர்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்றால், அதில்தான் என் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, அதில்தான் உறுத்தலும் இருக்கிறது. பிரசங்கக் குரலை எடுத்திருந்தால் ஆமென் மாதிரி அரை விநாடியில் மாட்டியிருப்பேன். இது வேறே. இது அவர் மைக்கில் பேசாத குரல். டப்பிங் நடந்தது அக்கா வீட்டில், மெத்தையைச் சுவரில் சாய்த்து, போர்வைக்குள் நானும் மைக்கும். முதலில் நான் உறுமினேன். அக்கா சிரித்தாள். கிசுகிசுத்தேன், எதிரொலி போட்டாள், பஸ் ஸ்டாண்டில் நாசரேத் வண்டி அறிவிக்கிற மாதிரி இருந்தது. கிழவி, குழந்தை, தண்ணீருக்குள் இருக்கிறவன், ஒன்பது விதம், ஒன்பதுக்கும் சிரித்தாள், எனக்கு அவமானமாக இருந்தது, சிரிக்க வைக்க நினைக்காதபோது சிரிக்கிறார்களே. கடைசியில் அவள் சலித்துப்போய், பயமுறுத்தாதல, நெசமாவே ஒருத்தனுக்கு ஆறுதல் சொல்லு பாப்போம் என்றாள். நான் வாயைத் திறந்தேன், நான் கூப்பிடாமலே அது வந்தது. பயப்படாதய்யா. பக்கத்துலதான் இருக்கேன். அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். கையைப் பார்த்தாள், கை மயிர். இது யாரு குரல்னு எனக்குத் தெரியாது, நீயும் சொல்லாத என்றாள். அவளுக்குத் தெரியும். எனக்கு எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். ஒன்பது வயதில் டெங்கு. ஆஸ்பத்திரி. நான் அங்கே ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன், பள்ளிக்கூடம் கிடையாது, ஆரஞ்சு இருந்தது, நர்ஸ் குரலைப் பழகிவிட்டேன், அடுத்த கட்டில் தாத்தாவுக்கு ஊசி என்று சொல்லித் திரும்பிப் படுக்க வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ரத்தத்தில் ஏதோ குறைகிறது என்று வெளியே பேசிக்கொண்டார்கள், குறைந்தால் என்ன. அப்புறம் ஐயர் வந்தார். கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியில் கையை வைத்தார், உள்ளங்கை சூடு, யூகலிப்டஸ் வாசனை, குனிந்து சொன்னார். பயப்படாதய்யா. அதுவரைக்கும் பயப்பட ஒன்று இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்துலதான் இருக்கேன். நான் அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் சுவர் மூலையைப் பார்த்தேன், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இருட்டை, என்ன வந்திருக்கிறது என்று. செத்துப்போவேன் என்று முதன்முதலாக அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குரலில்தான் தெரிந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் எழுந்து போவார், அப்போது கத்தலாம் என்று இருந்தேன், அவர் போகவில்லை. வெயில் கட்டில் காலிலிருந்து ஏறி என் முட்டிக்கு வந்து திரும்ப இறங்கிப்போச்சு, ஸ்டூல் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது, அம்மா டிபன் கொண்டுவந்தாள், அவர் கட்டில் ஓரத்தில் வைத்தே இட்லி சாப்பிட்டார், சட்னி சட்டையில் விழுந்தது, காய்ச்சல் விட்டது. மூலையிலும் யாரோ இருந்தார், ஸ்டூலிலும் யாரோ இருந்தார், இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் என்ன பண்ணுவது. இதை யோசித்தால் நின்றுவிடுகிறேன், எப்போதும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறேன், பிறகு யாருடைய குரலையாவது எடுக்க ஓடுகிறேன்.

அந்தக் குரல் இந்த ஹாலில் எத்தனை பேருக்குத் தெரியும். தனித்தனியாக எல்லோருக்கும் தெரியும். ஐ.சி.யூ. வாசலில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில், பரீட்சையில் தோற்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில், குனிந்து ஒரு காதுக்கு மட்டும் சொல்லப்பட்டது. ஒருத்தரும் இன்னொருத்தரிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று வயிறு சொல்லும், எங்கே என்று தேடத் தலை சம்மதிக்காது. நான் அவ்வளவு பேருடைய மோசமான நாளையும் ஒரே ஸ்பீக்கரில் போடுகிறேன். குறும்பு என்றுதான் ஆரம்பித்தேன், சத்தியமாக. இரண்டாம் தடவை 'மாசிலாமணி' போயாச்சு. இப்போது அண்ணாச்சி வெஸ்ட்ரிக்குள் போகிறார், ஐயருடைய வெள்ளை அங்கி ஆணியில் தொங்குகிறது, ஆள் இல்லாத அங்கி, அதைக் காற்றுகூட அசைக்கவில்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் பயப்படுவது அங்கிக்கு இல்லை, முதல் வரிசைக்கு. கர்த்தாவே, அவர் கோபப்பட்டால் என்னை அடிக்கட்டும், படத்தை விட்டுவிடட்டும். இது ஜெபமா பேரமா. திரை கறுக்கிறது. முழுக் கறுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று, அக்கா ஐந்து விநாடி வைத்திருக்கிறாள், கல்யாண வீடியோவில் அரை விநாடி கறுத்தாலே சம்பந்தி சண்டைக்கு வருவார், நான்கு. பயப்படாதய்யா. என் குரல்தானே, நான் ஏன் ஹால் மூலையைப் பார்க்கிறேன். பக்கத்துலதான் இருக்கேன். ஒரு ஸ்பூன் கீழே விழுந்தாலும் கேட்கும். யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள், முணுமுணுப்பாக, நிஜமாகவே தேவைப்பட்டுச் சொன்ன ஸ்தோத்திரம். விளக்கைப் போட்டேன். எல்லோரும் பக்கத்தில் இருக்கிறவர்களைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள், சண்டைக்காரர்கள்கூட. அப்படியே ஒரு சந்தோஷம் எனக்குள் ஏறிவந்தது, வெந்நீரில் இறங்கின மாதிரி, என்ன நடந்தாலும் இதை யாரும் பிடுங்க முடியாது. ஐயர் எழுந்து நின்று கைதட்டினார், நிறுத்தாமல். படிவத்தை வாங்கிப் படித்தார், பேனாவைத் திறந்தார், நின்றுவிட்டார். குரல் கொடுத்தவர் என்று ஒரு கட்டம், அதை ஏன் காலியா விட்டிருக்க, பியூலா, அந்தத் தம்பிதான் படமே, கேட்டவுடனே எனக்குள்ள ஒரு மாதிரி ஆயிட்டு, யாரு, வெளியூர்க்காரரா என்றார். அக்கா தரையைப் பார்த்தாள். ஐயரம்மாவின் தோள் குலுங்கியது. சரி, முதல்ல ஜெபிச்சு முடிப்போம், அப்புறம் நிரப்பலாம் என்று மைக்கை எடுத்தார், எந்தக் கூட்டமும் எங்களுக்கு ஜெபமில்லாமல் முடியாது. கண்ணை மூடப்போகிற சமயத்தில்தான் மாசிலாமணி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி ஓரமாக நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் இன்றைக்குத்தான் குரலோடு படத்தைப் பார்க்கிறார், அது எங்களுக்கு யாருக்கும் தோன்றவில்லை. என்ன செய்யுது மாசிலாமணி என்று ஐயர் போனார். அண்ணாச்சி வெஸ்ட்ரிச் சாவியை எடுத்து நீட்டினார்.

"இனி அந்த ரூமுக்குப் போமாட்டேன், ஐயா. யாரும் இல்லன்னு நெனச்சுல்லா நடிச்சேன். இப்பப் பாத்தா இருந்திருக்காவ."

யாரும் சிரிக்கவில்லை. ஐயர் சாவியை வாங்கவில்லை. சாவி பிடித்திருந்த கையைப் பிடித்தார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார், குனிந்தார், குரல் இறங்கியது. மற்ற கையில் மைக் இருந்தது, திறந்தபடியே, முகவாய்க்கு நேராக.

"பயப்படாதய்யா. பக்கத்துலதான்..."

ஹால் முழுக்க அது போனது. அதே இரண்டு ஸ்பீக்கர், கறுப்புத் துணிக்கு மேலே. ஐயர் வாயைத் திறந்தபடி பாதியில் நிறுத்திவிட்டார். அண்ணாச்சி அவர் முகத்தைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், திரும்ப முகத்தைப் பார்த்தார், மெதுவாக விரல்கள் நாற்காலியை விட்டன. எங்கேயோ ஒரு மூலையில் முதல் சிரிப்பு உடைந்தது, ஐயரம்மா அதற்கும் முன்னால் வாயிலிருந்து தலைப்பை எடுத்துவிட்டார்கள். ஐயர் சிரிக்கவில்லை. மைக்கை மறுபடி வாயருகே கொண்டுவந்து, யாருக்கும் இல்லாமல், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே, இருக்கேன் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், முதன்முதலாக ஒருவரை அறிமுகம் செய்துகொள்கிறவர் மாதிரி. அப்புறம் படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்து, அந்தக் காலிக் கட்டத்தில் பேனா முனையை வைத்து, அத்தனை நாற்காலிகளையும் தாண்டி நேராகக் கடைசிக்குப் பார்த்தார்.

"ஏல ஆசீரு, இதுல யாரு பேரை எழுதணும், உன் பேரையா, என் பேரையா?"